குழலுக்குள் படிந்த உப்பு

அத்திப்பட்டில் இரும்பை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமல்ல. கும்மிடிப்பூண்டி ரயில் எண்ணூரைத் தாண்டி, அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு என்று நின்று நின்று போகையில், சன்னலுக்கு வெளியே கழிமுகமும் உப்பளமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடற்காற்று உப்பைச் சுமந்துகொண்டு வீசும். சன்னல் கிரில், சைக்கிள் ரிம், கேட்டுக் கொண்டி என எதையும் அது விடாது. பெயின்ட் உரிந்த இடத்தில் அடுத்த மழைக்குள் துரு பூத்துவிடும்.

இதே காற்றில் ஒரு ரைஃபிள் குழலை வைத்துப் பார்க்க வேண்டும். அதன் உட்சுவரில் திருகிக்கொண்டு ஓடும் பள்ளங்களின் ஆழம் கால் மில்லிமீட்டர்கூட இராது. அந்தப் பள்ளங்கள்தான் குண்டைச் சுழல வைக்கின்றன. சுழல்வதால்தான் குண்டு தடம் மாறாமல் போகிறது. உள்ளே ஒரு துளி துரு, ஒரு படலம் கரி, அளவு சற்றே மாறிய ஒரு தோட்டா, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், குறி தப்ப.

குறி தப்பினால் பழி சுடுகிறவரின் கண்மீதும் கைமீதும் விழுவதுதான் வழக்கம். ஆனால் துப்பாக்கியின் கடந்த நானூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், பெரும்பாலான பழி போய்ச் சேர வேண்டிய இடம் உப்புதான். கடற்காற்றின் உப்பு அதில் ஒரு சிறு பங்கு. பெரும்பங்கு, சுடும்போது குழலுக்குள்ளேயே பிறக்கும் உப்பு. அந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் அத்திப்பட்டிலிருந்து நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், பழவேற்காட்டில் நடந்தது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. துணி வாங்கத்தான் வந்தார்கள். ஆனால் 1620களிலிருந்து அந்தக் கோட்டைக்கு இன்னொரு முகமும் சேர்ந்தது. அங்கே வெடிமருந்து ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. தென்கிழக்காசியத் தீவுகளில் இருந்த டச்சுத் தளங்களுக்கும், ஐரோப்பாவுக்குத் திரும்பும் கப்பல்களுக்கும் பல பத்தாண்டுகள் மருந்து கொடுத்தது பழவேற்காடு. இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஏரியையும் பறவைகளையும், எலும்புக்கூட்டு உருவம் செதுக்கிய வாயிற்கற்கள் நிற்கும் டச்சுக் கல்லறையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோட்டை 1806இல் ஆங்கிலேயர் கையால் தகர்க்கப்பட்டது. கடல் கடந்த யுத்தங்களுக்கு மருந்து அரைத்துக் கொடுத்த ஊர் இது என்று சொல்ல ஒரு பலகையாவது அங்கே இருக்க வேண்டும். ஆங்கிலேயரும் தங்கள் பங்குக்குச் சென்னையில் மருந்து ஆலை நடத்தினார்கள். புளியந்தோப்பில் பவுடர் மில்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

அந்தக் கரிமருந்து மூன்று பொருள்களின் கலவை. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரித்தூள், 10 பங்கு கந்தகம். அளவுகள் ஆலைக்கு ஆலை சற்றே மாறும், அடிப்படை இதுதான். இது எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடும் என்று தோன்றும். போவதில்லை. மருந்தின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான பொட்டாசியம் சல்பைடு. எல்லாமே உப்புகள். ஒரு பகுதி வெண்புகையாக வெளியேற, மீதி குழலின் சுவரில் அடிப்பிடித்த பானைபோல ஒட்டிக்கொள்ளும். காற்றிலுள்ள ஈரத்தை இவை இழுத்துக்கொள்ளும். காலையில் சுட்டுவிட்டு மாலைவரை கழுவாமல் வைத்தால் போதும். கடலோர ஈரத்தில் அந்தப் படலத்துக்கு அடியில் இரும்பு அரிக்கத் தொடங்கிவிடும்.

துரு வருவதற்கு முன்பே இன்னொரு தொல்லை உண்டு. குண்டை வாய்ப்பக்கமாகப் போட்டுக் கம்பியால் இடித்து இறக்கும் காலம் அது. நாலைந்து முறை சுட்டால் குழலின் உள்விட்டம் கரியால் சுருங்கும். அடுத்த குண்டு இறங்காது. போர்க்களத்தில் நின்று குழலைக் கழுவ முடியாது. எனவே ராணுவங்கள் ஒரு சமரசத்துக்கு வந்தன. ஆங்கிலேயக் கம்பெனிப் படைகள் ஏந்திய பிரவுன் பெஸ் மஸ்கட்டின் உள்விட்டம் முக்கால் அங்குலம், ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அதற்குள் போட்ட ஈயக்குண்டோ 17.5 மில்லிமீட்டர் சுமார். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியை வேண்டுமென்றே விட்டார்கள், கரி ஏறினாலும் குண்டு இறங்கட்டும் என்று. அந்த இடைவெளியில் குண்டு இங்கும் அங்கும் மோதிக்கொண்டு வெளியேறியது. கடைசியாக எந்தப் பக்கச் சுவரில் பட்டதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகியது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தின் பாடு. குழலைச் சுத்தமாக வைக்க முடியாததற்குக் கொடுத்த விலை அது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் யோசனை ஒன்று தென்னிந்தியாவில் கிடைத்தது. இது இந்தப் பக்கத்தில் அதிகம் பேசப்படாதது ஒரு குறைதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் 34ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் தென்னிந்தியாவில் பணியாற்றியபோது, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்புகளைக் கவனித்தார். அம்பின் அடிப்பக்கம் நெட்டி போன்ற மெத்தென்ற பொருளால் ஆனது. ஊதும்போது அது விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொண்டதால் காற்று பக்கவாட்டில் ஒழுகவில்லை. நார்ட்டன் இதை ஈயத்துக்குக் கொண்டுபோனார். 1823 வாக்கில், அடிப்பக்கம் குழிவாக, முனை கூம்பாக ஒரு குண்டை வடித்தார். விட்டம் சிறியதாக இருப்பதால் கரி பிடித்த குழலிலும் எளிதாக இறங்கும். மருந்து வெடிக்கும்போது அடி விரிந்து பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். ராணுவ அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து பிரான்ஸில் கிளோத் எத்தியேன் மினியே இதே வழியில் ஒரு குண்டைச் செய்தார். அவர் பெயர்தான் நிலைத்தது. ஊதுகுழலை ஊதிய தென்னிந்தியரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

மினியேயின் வழியில் வந்ததுதான் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் ரைஃபிள். அதன் தோட்டா இந்தியாவில் என்ன செய்தது என்பது பள்ளிப் பாடம். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தாளைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள் என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் தொடங்கிப் படைவீடுகளெங்கும் பரவியது. ஆனால் அந்தத் தாளில் கொழுப்பு எதற்காகத் தடவப்பட்டது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் போவதில்லை. விடை குழலுக்குள் இருக்கிறது. என்ஃபீல்டின் உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568. நடுவே அங்குலத்தில் வெறும் ஆயிரத்தில் 9 பங்கு இடைவெளி. ஒவ்வொரு முறையும் சுமார் நாலரை கிராம் மருந்து எரிகிறது. அதில் இரண்டரை கிராம் அளவுக்குத் திடமான எச்சம். இந்தக் குறுகிய இடைவெளியில் கரி கெட்டிப்படாமல் இளகியிருக்க வேண்டும் என்றால் கொழுப்போ மெழுகோ வேண்டும். ஒரு சாம்ராஜ்யத்தை உலுக்கிய அந்தக் கொழுப்பு, அடிப்படையில் குழல் பராமரிப்புக்கான பொருள்.

அதுவும் இந்த ஊர் வெயிலுக்குப் பொருந்தாத பொருள். கொழுப்பு வெப்பத்தில் உருகித் தாளுக்குள் ஊறிவிடும். குண்டின் மேல் எதுவும் மிஞ்சாது. தேன்மெழுகு அப்படியல்ல. உருக 60 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். சிப்பாய்கள் தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அரசு பிறகு அனுமதித்தது. மத நம்பிக்கையை மதிக்கும் வழியும் அதுவே, இந்தியக் கோடைக்குச் சரியான தொழில்நுட்பமும் அதுவே. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். அனுமதி வந்தபோது நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அந்த ஆண்டு என்ஃபீல்டுகளோடு சென்னையிலிருந்து கப்பலேறி வடக்கே போன படை, பிரிட்டிஷ் அதிகாரி நீல் தலைமையிலான மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ். வடக்கே நீல் நிகழ்த்திய கொடுமைகளை இந்த ஊர் மறக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் அவருக்கு வைத்த சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. படைக்கல வரலாற்றில் 1857 போரின் பாடம் வேறு. வெயிலில் தொடர்ந்து சுட்டபோது 0.568 அங்குலக் குண்டு இறங்க மறுத்தது. குண்டின் விட்டத்தை 0.550 ஆகக் குறைத்தார்கள். இடைவெளி மூன்று மடங்கானது. அடி விரியும் குண்டு என்பதால் குறி பெரிதாகக் கெடவில்லை. குழலைத் தொடாமல் தோட்டாவை மாற்றியே கோளாறைத் தீர்த்ததற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்த திருப்பம் புகையில்லா மருந்து. வில்லியம் மெட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கரிமருந்தின் அழுக்கைச் சமாளிப்பதற்கென்றே ஆழம் குறைந்த, மூலைகள் மழுங்கிய பள்ளங்களை வடிவமைத்திருந்தார். துடைக்க எளிது, கரி தங்க இடுக்கு இல்லை. 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளில் அந்தப் பள்ளங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் கார்டைட் வந்தது. கரி வெகுவாகக் குறைந்தது. ஆனால் கார்டைட்டின் தீ மிகச் சூடானது. அது மெட்ஃபோர்டின் மென்மையான பள்ளங்களைச் சீக்கிரமே தின்று தீர்த்தது. குழல் சுத்தமாக இருந்தும் குறி போயிற்று. 1895இல் ஆழமான, சதுர மூலைகள் கொண்ட ஐந்து பள்ளங்களோடு குழலை மாற்றினார்கள். லீ-என்ஃபீல்ட் பிறந்தது. மருந்தையும் திருத்தினார்கள். முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. போயர் போருக்குப் பின் வந்த வகையில் அது 30 விழுக்காடாகக் குறைந்து, துப்பாக்கிப் பஞ்சு 65 விழுக்காடாக உயர்ந்தது. எஞ்சிய 5 விழுக்காடு வாசலின் போன்ற கனிமக் களிம்பு.

இந்தக் கார்டைட் இந்தியாவில் எங்கே தயாரானது என்றால், மறுபடியும் தமிழ்நாட்டில்தான். கடற்கரையில் அல்ல, நீலகிரியில் குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் பக்கத்தில், அருவங்காட்டில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட அந்தத் தொழிற்சாலைக்கு மின்சாரம் கொடுக்கவே காட்டேரி அருவியில் மின் நிலையம் கட்டினார்கள். நாட்டின் ஆரம்பகாலப் புனல்மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. மலை ரயில் 1908இல் குன்னூரிலிருந்து ஊட்டிப் பக்கம் நீண்டபோது அருவங்காட்டுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. பழவேற்காட்டில் கடலோரம் தொடங்கிய தொழில் மலை ஏறியது தற்செயலல்ல. கார்டைட் வெப்பத்தை உணரும் பொருள். வெயிலில் காய்ந்த தோட்டா அதிக அழுத்தத்தில் வெடிக்கும், குண்டின் வேகம் கூடும், குறி மேலேறும். அதே துப்பாக்கி, அதே ஆள், அதே நிலைதான். காலையில் சுட்டால் ஓரிடம், நடுப்பகலில் வெயிலில் கிடந்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் வேறிடம்.

கரி ஒழிந்தது, இனித் துருவும் ஒழிந்தது என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். கார்டைட் நிரப்பிய 0.303 தோட்டாக்களால் சுட்ட குழல்கள் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்தும் சில நாளில் செம்பழுப்பாகின. புகையில்லா மருந்தில் ஏதோ அமிலம் இருப்பதாகப் பலர் நினைத்தார்கள். அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வகத்தின் வில்பர்ட் ஹஃப் 1922இல் வெளியிட்ட ஆய்வு உண்மையைக் காட்டியது. குற்றவாளி மருந்தல்ல, தோட்டாவின் அடியில் முள் அடிக்கும் சிறு கேப். அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலெங்கும் தெறித்துப் படிந்தது. சமையல் உப்பின் நெருங்கிய உறவு அது. அது எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டால் உப்பின் மேல் ஒரு போர்வை விழுகிறது, அவ்வளவே. காற்றின் ஈரம் ஏற ஏற, போர்வைக்கு அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். எண்ணூர்க் காற்று போன்ற ஈரக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். பழைய சிப்பாய்களுக்கு வேதியியல் தெரியாமலே இது தெரிந்திருந்தது. குழலின் பின்வாயில் புனலைச் செருகிக் கொதிநீரை ஊற்றுவார்கள். உப்பு கரைந்து ஓடும். சூடேறிய இரும்பு தானே ஈரம் காயும். அதன் பிறகுதான் துணி, அதன் பிறகுதான் எண்ணெய். இந்த வரிசை மாறினால் குழல் போச்சு. லீ-என்ஃபீல்டின் மரக்கட்டையின் அடிப்பக்கம் பித்தளை மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய எண்ணெய்க் குப்பியும், நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறும் இருக்கும். புல்-த்ரூ என்ற அந்தக் கயிற்றையும், அதன் காதில் கோத்து இழுக்கும் துணித் துண்டையும் என்.சி.சி.யில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கயிறும் குழலைக் கெடுத்திருக்கிறது என்பதுதான் இந்த வரலாற்றின் மிக வருத்தமான பக்கம். கயிற்றை நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் வாய் விளிம்பில் உரசும். கயிற்றில் ஒட்டிய மணல் அரம்போல வேலை செய்யும். தினம் தினம், ஆண்டுக் கணக்கில் இழுத்தால் வாயின் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாகும். குண்டு குழலை விட்டுப் பிரியும் கடைசிக் கணத்தில் வாயு அந்தப் பள்ளத்தின் வழியே முந்திக்கொண்டு பாய்ந்து குண்டின் அடியைத் தள்ளிவிடும். உள்ளே கண்ணாடிபோல மின்னும் குழல், வாய் மட்டும் கோணல், குறி எங்கோ. கம்பி வலையைக் கோத்துத் தேய்ப்பதற்கு ராணுவம் கட்டுப்பாடு வைத்திருந்தது இதனால்தான். அணிவகுப்பில் குழலுக்குள் எட்டிப் பார்த்துப் பளபளப்பைத் தேடிய அதிகாரிகளுக்குப் பயந்து எத்தனை குழல்கள் துடைத்துத் துடைத்தே பாழாகியிருக்கும்! படைக்கலம் பழுதுபார்க்கும் ஆர்மரர்கள் குறி தப்பும் துப்பாக்கியைக் கையில் வாங்கினால் வாய் விளிம்பையும், மரக்கட்டையைப் பிடிக்கும் திருகுகளையும், மழையில் ஊதிய கட்டை குழலை எங்காவது அழுத்துகிறதா என்பதையும் பார்த்துவிட்டே மற்றதைப் பேசுவார்கள்.

குண்டின் உறையும் தன் பங்குக்கு இடைஞ்சல் கொடுத்தது. வேகம் கூடியதும் வெறும் ஈயம் பள்ளங்களில் வழிந்து ஒட்டியதால், அதற்குச் செம்பு-நிக்கல் உறை போட்டார்கள். அந்த உறை உலோகமே கட்டி கட்டியாகக் குழலில் ஒட்டியது. அம்மோனியாக் கரைசல் ஊற்றித்தான் எடுக்க முடிந்தது. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கி மருந்தோடு சிறிது வெள்ளீயம் சேர்த்தால் இந்த ஒட்டல் குறைவதைக் கண்டார்கள். பிறகு உறையின் உலோகத்தையே மாற்றிச் செம்பு-துத்தநாகக் கலவைக்குப் போனார்கள்.

கேப்பிலிருந்த உப்புக்கு முடிவு 1928இல் தெரிந்தது. ஜெர்மனியில் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனம் சினாக்ஸிட் என்ற, குளோரேட் கலக்காத கேப்பைக் கொண்டுவந்தது. ராணுவங்கள் அதற்கு மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. பழைய இருப்புத் தோட்டாக்கள் தீரும்வரை கொதிநீர்ப் புனலுக்கு வேலை இருந்தது.

1966இல் திருச்சியில் படைக்கலத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வெடிமருந்தால் அறியப்பட்ட தமிழ்நாடு, குழல் கடையும் இடமாகவும் ஆனது இங்கிருந்துதான். இன்சாஸ் ரைஃபிள்கள் அங்கே தயாராயின. பிறகு திருச்சி அசால்ட் ரைஃபிள் என்று ஊர்ப் பெயரையே சுமந்த துப்பாக்கியும் வந்தது. இன்சாஸின் குழலுக்குள் குரோமியப் பூச்சு உண்டு. துருவுக்கும் சூட்டுக்கும் அது கவசம். கடலோரம் துப்பாக்கியோடு காவல் நிற்பவருக்கு அதைவிடப் பெரிய உதவியில்லை. ஆனால் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படியாது. அதனால் துல்லியத்தில் இம்மியளவு இழப்பு வரும். போர்வீரருக்கு அது பொருட்டல்ல. பந்தயத்தில் சுடுகிறவருக்கு அந்த இம்மிதான் பதக்கம். எனவே பந்தயக் குழல்கள் பூச்சில்லாமலே கடையப்படுகின்றன.

தோட்டாத் தேர்வு எல்லாருக்கும் கிடைத்த உரிமையும் அல்ல. ராணுவத் தோட்டா தனியார் கைக்குப் போகக்கூடாது என்பதால் 0.303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. உரிமம் வைத்திருந்த உழவரும் எஸ்டேட்காரரும் 0.315 என்ற வேறு விட்டத்துக்குத் தள்ளப்பட்டார்கள். துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா பொருந்துகிறது என்று நாலு வகையைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இந்தியத் தனிநபருக்கு ஏறக்குறைய இருந்ததே இல்லை.

அந்த வாய்ப்பு இன்று பந்தயத் தளங்களில்தான் உயிரோடு இருக்கிறது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது. கரியும் இல்லை, குளோரைடும் இல்லை. இருந்தும் தோட்டாத் தேர்வு ஓயவில்லை. இலக்கின் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். 4.5 மில்லிமீட்டர் ஈய ரவைகளைத் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று பிரித்து விற்கிறார்கள். எந்தக் குழலுக்கு எது சேரும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

50 மீட்டர் போட்டிக்கான 0.22 தோட்டாவில் இந்தத் தேடல் இன்னும் நுணுக்கமானது. பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியில் தயாராகும் லாபுவா போன்ற தோட்டாக்கள் ஒரே பெயரில் வந்தாலும், தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி குணம் வேறுபடும். ரைஃபிளை இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றைச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளப்பார்கள். பழைய சிப்பாய் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்றும் இங்கே உண்டு. துடைத்து முடித்த 0.22 குழலின் முதல் சில குண்டுகள் விலகித்தான் விழும். தோட்டாவில் பூசிய மெழுகும் ஈயமும் மெல்லிய படலமாகப் படிந்த பிறகே துளைகள் ஒன்று கூடும். எனவே போட்டிக்கு முன் சில குண்டுகளைச் சுட்டுக் குழலைப் பழக்குகிறார்கள். தொகுதி மாறினால் படலமும் மாறும் என்பதால், சோதனையில் தேறிய எண்ணுள்ள பெட்டிகளைக் கிடைக்கும் மட்டும் மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். அது தீர்ந்துபோனால் இடுக்கியில் இறுக்குவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.